ஆறாவது எதிர்மனுதாரர்

அந்தச் சட்டக் கல்லூரியில் வசுமதியை யாரும் வசுமதி என்று கூப்பிட்டதில்லை. வங்காளி நாக்கில் 'வ' நிற்காது. சேர்ந்த முதல் நாளே அவள் பாசுமதி ஆகிவிட்டாள். சகஆசிரியர்கள் பலருக்குப் பாசுமதிதி, அதாவது பாசுமதி அக்கா; மாணவர்களுக்கு வெறும் மேம். இருபத்து மூன்று வருஷங்களாக அங்கே அரசமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுத்து வந்தாள். பிரிவு எண்களைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிற வழக்கம் அவளுக்கில்லை. வழக்குப் போட்ட ஆளிடமிருந்துதான் தொடங்குவாள். அந்த ஆள் எந்த ஊர், என்ன வேலை பார்த்தான், எந்தக் காகிதம் வந்து அவன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது, எந்த நீதிமன்றத்தின் படியேறினான் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில்தான் சட்டத்துக்கு வருவாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கல்லூரியை விட்டு வந்தால் லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி வீடு. கணவர் ஸ்ரீநாத் மத்திய அரசின் நீர்வளத் துறையில் அதிகாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைக் குவாஹாத்திக்கு மாற்றினார்கள். மகன் ஜெய்ராம் புனேயில். திங்கட்கிழமை வைத்த ரசம் புதன்கிழமை வரை வந்தது. காலையில் பால்காரனோடு வங்காளி, கல்லூரியில் இங்கிலீஷ், திரும்பி வரும்போது ஆட்டோக்காரரோடு கொஞ்சம் ஹிந்தி. அவள் தமிழ் பேசுவது இரவு எட்டு மணிக்கு ஸ்ரீநாத் போன் செய்யும்போது மட்டும்தான். அதற்குள் அவருக்கும் களைப்பு, இவளுக்கும் களைப்பு. சாப்பிட்டாச்சா, கேஸ் வந்ததா, மழையா என்பதோடு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மதுவந்தி கல்லூரியில் சேர்ந்த புதிதில், மாடிப்படியில் அவளை நிறுத்தித் தமிழில் பேசினாள். டாலிகஞ்சில் வீடு. அப்பா சாய்ராம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். அந்தப் பெண்ணின் தமிழ் வங்காளியில் நனைத்தெடுத்த மாதிரி இருந்தது. "மேம், நாங்களும் தமிழ்தான். ஆத்துல அம்மா சொன்னா, உங்களண்ட தமிழ்லயே பேசுன்னு," என்றாள். வசுமதிக்குச் சட்டென்று நெஞ்சு நிறைந்தது. அதே நிமிஷம், மேலே படியில் சகஆசிரியர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் கண்ணில் பட்டது. "இங்கே இங்கிலீஷிலேயே பேசலாம்," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோடு எப்போதும் ஒரு முழம் தள்ளியே நின்றாள். தன் ஊர்ப் பெண் என்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக்கூடாது. மதுவந்தியின் விடைத்தாளை மட்டும் இரண்டு தடவை திருத்துவாள். இரண்டாவது தடவையில் அரை மதிப்பெண் குறையுமே தவிரக் கூடாது. இது நியாயம்தானா என்று ஒருமுறைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தான் கண்டிப்பாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

மதுவந்தி மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஜனவரியில், உள்தேர்வு வினாத்தாள் ஒன்று முந்தின நாள் மாலையே வெளியே வந்துவிட்டது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டு, பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். அதற்குள் ஒருவர் அதைப் படம்பிடித்து முதல்வருக்கு அனுப்பியிருந்தார். போட்டவர் யார் என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. குழுவை நடத்துகிறவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. அதில் மேலே இருந்தது மதுவந்தியின் பெயர்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வரவிருந்தது. அதற்குள் ஏதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று முதல்வர் லாஹிரி துடித்தார். நான்கு பேர் கொண்ட ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார். அவர், அலுவலகத் தலைமை எழுத்தர் பிமல்பாபு, ஒப்பந்தச் சட்டம் நடத்தும் சுதேஷ்ணா, நாலாவது வசுமதி.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச்சொல்லி மதுவந்திக்கு நோட்டீஸ் போயிருந்தது. பத்து ஐம்பதுக்கு வசுமதி முதல்வர் அறைக்குப் போனபோது, வெளியே மரப்பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. வசுமதியைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது போலிருந்தது. வசுமதி தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே தேநீரும், சமோசா மாதிரியான சிங்காராவும் வந்திருந்தன. மேஜைமேல் உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. மாணவி ஒரு கல்வியாண்டுக்கு நீக்கப்படுகிறாள். 'மாணவியை நேரில் அழைத்துக் கேட்ட பின்' என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. வசுமதி அதைப் படித்துவிட்டு, பெண் வெளியேதானே உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள். வந்து என்ன சொல்லப்போகிறாள், அழுவாள், அதைப் பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் பிமல்பாபு. லாஹிரி சிரித்தார். "உங்க ஊர்ப் பக்கத்துப் பெண். உங்களுக்கு மனசு இளகறது எங்களுக்குப் புரியாதா, பாசுமதிதி?" என்று வங்காளியில் பிரியமாகவே சொன்னார். சுதேஷ்ணா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசுமதியின் காது மடல்கள் சுட்டன. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பாள்.  பேனாவை எடுத்து, மற்ற மூவருக்கும் முன்னால், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. லாஹிரியின் அறைக்கு அலுவலகத்தின் வழியாக இன்னொரு வாசல் உண்டு. வசுமதி அந்த வழியாக வெளியேறினாள். பன்னிரண்டரை மணிக்கு ஒரு ப்யூன் போய்ப் பெஞ்சிலிருந்த பெண்ணிடம் உத்தரவைக் கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள். அன்று இரவு ஸ்ரீநாத் போன் செய்தபோது, பாத்ரூம் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பாடத்திட்டப்படி வர வேண்டிய பாடம் வந்தது. பதினான்காம் பிரிவு. அதனடியில் இயற்கை நீதி. ஒருவரைத் தண்டிப்பதற்கு முன்னால் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது. அதைத் தள்ளிப்போட முடியுமா என்று யோசித்தாள். முன்னும் பின்னும் இருக்கிற பாடங்கள் அதோடு கோத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. அன்றைக்கு முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். வழக்குப் போட்ட ஆட்கள் யாரையும் பற்றிச் சொல்லவில்லை. பலகையில் மூன்று வரி எழுதினாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் மதுவந்தி உட்காருகிற இடத்தை யாரும் நிரப்பியிருக்கவில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தபோது அனன்யா எழுந்தாள். மதுவந்தியோடு எப்போதும் சேர்ந்து வருகிற பெண். மரியாதையாகத்தான் கேட்டாள். ஒரு குழு, ஆளை வரச்சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டு, கூப்பிடாமலே தண்டனை கொடுத்தால், வரச்சொன்னதே போதும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளுமா, மேம்?

ஐம்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. அது இந்தப் பாடத்துக்கு வெளியே என்று சொல்லிவிடலாம். வழக்குக்கு வழக்கு மாறும் என்று மழுப்பலாம். ஆனால் அவள் வாய்க்கு ஒரே பதில்தான் பழக்கம்.

"எடுத்துக்காது. வரச்சொல்றது வேற, கேக்கறது வேற. அந்த உத்தரவு நிக்காது," என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அனன்யா நன்றி சொல்லி உட்கார்ந்தாள். நிறையப் பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரி நடுவில் பதிவுத் தபாலில் ஒரு கனத்த உறை வந்தது. உயர் நீதிமன்றத்தில் மதுவந்தி போட்ட ரிட் மனுவின் நகல். மாநில அரசு, பல்கலைக்கழகம், கல்லூரி, முதல்வர், பிமல்பாபு. ஆறாவது எதிர்மனுதாரர், வசுமதி ஸ்ரீநாத், இணைப் பேராசிரியர். ஏழாவது சுதேஷ்ணா. சாப்பாட்டு மேஜையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பாதி வழக்கறிஞரின் மொழி. பதினோராவது பத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. வரச்சொல்வது வேறு, கேட்பது வேறு என்று தொடங்கியது. அதற்கடுத்த வாக்கியம், அவள் போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முந்தின வருஷம் வகுப்பில் சொன்னது. யாரோ பழைய மாணவரின் நோட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். முற்றுப்புள்ளி வரைக்கும் அவளுடையது.

எத்தனையோ மனுக்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். தன் பெயர் அச்சிட்ட மனுவைப் படிக்கும்போதுதான், இந்தக் காகிதம் மடியில் எவ்வளவு கனக்கும் என்று தெரிந்தது. யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டாள்.

கல்லூரி ஒரு பெரிய வழக்கறிஞரை அமர்த்தியது. நால்வரும் சேர்ந்து ஒரே அபிடவிட் போடுவதென்று முடிவானது. சத்தியம் செய்து நீதிமன்றத்தில் கொடுக்கிற வாக்குமூலம் அது. லாஹிரி அவளை அறைக்குக் கூப்பிட்டுத் தயாரான காகிதத்தைக் கொடுத்தார். ஒன்பதாவது பத்தியில், மனுதாரர் குழுவின் முன் நேரில் அழைக்கப்பட்டு, அவர் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது என்று இருந்தது. வசுமதி அந்தப் பத்தியின்மேல் விரலை வைத்தாள். லாஹிரி அவள் விரலைப் பார்த்தார். இது வழக்கறிஞர்களின் எழுத்து, எல்லா வழக்கிலும் இப்படித்தான் போடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா என்றார். அவள் இரண்டு நாள் கேட்டாள். சரியென்றார். அவர் கெட்டவரில்லை. அந்தக் கல்லூரியை ஓட்டைக் கட்டடத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர். ஆய்வுக்குழுவும் வந்து நல்லபடியாக எழுதிவிட்டுப் போயிருந்தது.

அன்று இரவு எல்லாவற்றையும் ஸ்ரீநாத்திடம் சொன்னாள். பெஞ்சு, பின்வாசல், முதல் கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை.  லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பேள்?"

"தெரியலே." கொஞ்சம் பொறுத்து, "தனியா அபிடவிட் போடணும்னா போடு, வசு. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல நீ போய் உக்காரணும். நான் இங்கேருந்து என்ன பண்ண முடியும்? அவா யாரும் உன்கிட்ட பேச மாட்டா. அதை நீ தாங்குவியான்னுதான் யோசிக்கறேன்," என்றார்.

தாங்குவேன் என்று சொன்னாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

மறுநாள் ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, ஓல்டு போஸ்ட் ஆபீஸ் தெருவுக்கு நடந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் படித்த சந்தீப் அங்கே வக்கீலாக இருந்தான். மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்ட ஒரு சிறிய அறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அபிடவிட்டை அவளே கையால் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். மொத்தம் நான்கு பத்திகள். மனுதாரர் பதினோரு மணிக்கு முன்பே வந்து வெளியே காத்திருந்தார், நான் பார்த்தேன். அவர் உள்ளே அழைக்கப்படவில்லை. அழைக்கும்படி ஒருமுறை சொன்னேன், பிறகு வற்புறுத்தவில்லை. உத்தரவில் இருப்பது உண்மையில்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்.

சந்தீப் இரண்டு தடவை படித்தான். கடைசிப் பத்தியை எடுத்துவிடலாம் என்றான். முதல் மூன்றே அந்தப் பெண்ணுக்குப் போதும். நாலாவது இவளைத்தான் குத்துகிறது. யாரும் கேட்காத ஒன்றை ஏன் எழுதித்தர வேண்டும்?

"இருக்கட்டும், டைப் பண்ணு," என்றாள். கல்லூரியின் அபிடவிட் மற்ற மூவரின் கையெழுத்தோடு மட்டும் போயிற்று.

ஏப்ரல் முதல் வாரம் வழக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தின் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிவந்து, சத்தம் போடாதீர்கள், போனை அணையுங்கள் என்று அதட்டிக்கொண்டே பின்வரிசையில் உட்கார வைப்பாள். இந்த முறை தனியாக வந்து, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றாள். கல்லூரிப் பக்கத்து ஆட்கள் இடது பக்கம் இருந்தார்கள். லாஹிரி அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுடைய அபிடவிட்டின் நகல் அவருக்கு நான்கு நாள் முன்னால்தான் போய்ச் சேர்ந்திருந்தது. வலது பக்கம் மதுவந்தியும் சாய்ராமும். வசுமதி கடைசி பெஞ்சில், வேறு வழக்குகளுக்கு வந்திருந்தவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள்.

வழக்கைக் கூப்பிட்டதிலிருந்து முடிகிற வரை பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மதுவந்தியின் வக்கீல் பேசத் தொடங்கியதுமே நீதிபதி, ஆறாவது எதிர்மனுதாரரின் அபிடவிட்டைப் படித்துவிட்டேன் என்றார். ஒன்பதாவது பத்தியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கல்லூரி வழக்கறிஞரைக் கேட்டார். அவர் பக்கத்தில் குனிந்து லாஹிரியோடு ஏதோ பேசிவிட்டு, அந்தப் பத்தியை வலியுறுத்தவில்லை, மை லார்ட் என்றார். நீதிபதி நிமிர்ந்து, ஆறாவது எதிர்மனுதாரர் நீதிமன்றத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்.

வசுமதி எழுந்தாள். முன்வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"நீங்கள் என்ன பாடம் நடத்துகிறீர்கள்?"

"அரசமைப்புச் சட்டம், மை லார்ட்."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். நீக்கல் உத்தரவு ரத்து. பழைய நால்வரும் இல்லாத புதிய குழு மூன்று வாரத்துக்குள் மாணவியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அதுவரை வகுப்புக்கும் தேர்வுக்கும் தடையில்லை. சுருக்கெழுத்தர் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நீண்ட தாழ்வாரத்தில், தூண் ஓரமாகச் சாய்ராம் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். அரைநாள் லீவு போட்டு வந்திருந்ததால் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அவளைக் கண்டதும் கைகூப்பினார்.

"மேடம், நீங்க எழுதினதாலதான்னு வக்கீல் சொன்னார். எப்படிச் சொல்றதுன்னே தெரியலே," என்றார்.

மதுவந்தி பக்கத்தில் இருந்தாள். மூன்று மாதத்தில் இளைத்திருந்தாள். வசுமதி அவளிடம் சொல்ல வேண்டியதை மெட்ரோவில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்றும் முடிவுசெய்திருந்தாள்.

"மது, நான் பண்ணினது தப்பு. அன்னிக்கே உன்னை உள்ளே கூப்பிட்டிருக்கணும்."

அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. தமிழ் வார்த்தைகளைத் தேடுகிறாள் என்று வசுமதி நினைத்தாள்.

"அன்னிக்கு எனக்கு பயமே இல்லே, மேம்," என்றாள் மதுவந்தி. "அம்மா போன் பண்ணி அழுதுண்டே இருந்தா. நான் சொன்னேன், மேம் உள்ளே போயிருக்கா, அவாளுக்கு இதெல்லாம் தெரியும், கண்டிப்பா கூப்பிடுவான்னு. பன்னண்டரை வரைக்கும் அதையே சொல்லிண்டிருந்தேன்."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. மணி என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். சாய்ராம் பதறிப்போய், "அப்படிப் பேசப்படாது, மா," என்று அவள் தோளைத் தொட்டார். வசுமதி, பரவாயில்லை, அவள் சொல்லட்டும் என்றாள். ஆனால் மதுவந்திக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. போகலாம் பாபா என்று அப்பாவிடம் வங்காளியில் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சாய்ராம் இன்னொரு முறை கைகூப்பிவிட்டுப் பின்னால் விரைந்தார்.

புதிய குழு மதுவந்தியை ஒரு மணி நேரம் விசாரித்தது. வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற மற்ற இருவரையும் கூப்பிட்டது. யார் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இந்த மாணவிக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை என்று எழுதி முடித்தது. வினாத்தாள் எப்படி வெளியே போனது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மதுவந்தி தேர்வு எழுதினாள். வராந்தாவில் எதிரே வந்தால் இங்கிலீஷில் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்ற மாணவர்கள் எப்படிச் சொல்வார்களோ அதே போல.

ஸ்ரீநாத் சொன்னது நடந்தது. யாரும் சண்டை போடவில்லை. அவள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு தேர்வு, வெயில், மெட்ரோ கூட்டம் என்று வேறு பக்கம் போகும். தேநீர் கொண்டுவருகிறவன் அவளிடம் மட்டும், வேண்டுமா மேம் என்று தனியாகக் கேட்பான்.

பதினைந்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் சுதேஷ்ணா. வருஷாவருஷம் பூஜை ஷஷ்டியன்று புடவை வாங்கித் தருகிறவள். வசுமதியின் அம்மா போனபோது மூன்று நாள் சமைத்துக் கொண்டுவந்தவள். அவள் ஜன்னலோரம் வேறு நாற்காலிக்கு மாறியிருந்தாள். ஒரு பிற்பகல், அறையில் வேறு யாரும் இல்லாத நேரம், வசுமதி எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். சுதேஷ்ணா விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ சரியானதைத்தான் செய்தாய், எனக்குத் தெரியும் என்றாள். அப்புறம் பேனாவை மூடினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாசுமதி. நீ வக்கீல்கிட்ட போறதுக்கு முந்தின நாள்தான் நான் அந்தப் பொய்யில கையெழுத்துப் போட்டேன். நீ சொல்லியிருந்தா நானும் போட்டிருக்க மாட்டேனோ என்னவோ. இப்ப என் பையன் கேக்கறான், அம்மா நீ கோர்ட்ல பொய் சொன்னியான்னு."

 உண்மையாகவே வசுமதிக்கு அது தோன்றவில்லை. தான் தனி ஆள் என்று அவள் அவ்வளவு நாளாகப் பழகிப்போயிருந்தாள். கூட ஒருத்தி இருக்கலாம் என்கிற நினைப்பே வரவில்லை. மன்னித்துக்கொள் என்றாள். சுதேஷ்ணா தலையை ஆட்டிவிட்டு மறுபடி விடைத்தாளைத் திறந்தாள். எந்த அர்த்தத்தில் ஆட்டினாள் என்று தெரியவில்லை.

ஜூலையில் புதுக் கால அட்டவணை வந்தது. அரசமைப்புச் சட்டத்துக்கு நேராக வேறொரு பெயர் இருந்தது. நியூ டவுனில் ஏதோ பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த இளைஞர். வசுமதிக்கு நிலச் சட்டம். அதில் ஒரு வகுப்பு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சுழற்சி முறை என்று கீழே ஒரு குறிப்பு. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சந்தீப் போனில் சொன்னான், பாதி வேடிக்கையாக. அவளும் சிரித்தாள். நிலச் சட்டத்தை அவள் கடைசியாகப் படித்தது தன் இருபத்திரண்டாவது வயதில். குத்தகை, பட்டா, உச்சவரம்பு என்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் முதல் வருஷத்து மாணவி மாதிரி குறிப்பெடுத்தாள். பக்கத்து அறையில் அந்த இளைஞர் பதினான்காம் பிரிவு நடத்துகிற சத்தம் சில நாட்கள் சுவரைத் தாண்டிக் கேட்கும். நன்றாகத்தான் நடத்தினார். கொஞ்சம் வேகம்.

பூஜை விடுமுறைக்கு ஸ்ரீநாத் பத்து நாள் வந்தார். வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது. அஷ்டமியன்று இருவரும் பூஜைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே ஏரிப்பக்கம் நடந்தார்கள். ஒரு பந்தலில் லாஹிரி குடும்பத்தோடு நின்றிருந்தார். ஸ்ரீநாத்துக்குக் கை கொடுத்தார், குவாஹாத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வசுமதிக்கு, ஷுபோ அஷ்டமி என்றார். அவளும் சொன்னாள். கூட்டம் அவர்களை இரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், துணிகளை மடித்துக்கொண்டே ஸ்ரீநாத் கேட்டார்.

"பேசாம விஆர்எஸ் வாங்கிண்டு வந்துடேன்."

"அங்கே வந்து நான் யாரோட பேசறது?"

"இங்கே யாரோட பேசறே?"

அவள் அவருடைய சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மறுநாள் ஹவுராவில் ரயில் கிளம்பும் வரை, அவள் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

கல்லூரி திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை மழை. மூன்று மணி வகுப்புக்கு அறுபது பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நனைந்திருந்தார்கள். வசுமதி பெயர்களைக் கூப்பிட்டாள். வராதவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் அடுத்த பெயருக்குப் போனாள். பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள். பர்கனா மாவட்டத்தில் ஒரு விவசாயி இருந்தான், அவனுக்கு ஒரு நாள் ஒரு காகிதம் வந்தது என்று தொடங்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து முன்வரிசைக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததாலும் இருக்கலாம்.